ராத்திரி படுக்க இடம் கொடுத்தா போதுமா? வீடற்றவர்களுக்காக 1890-லேயே திட்டம் போட்ட வில்லியம் பூத் யார்?

வீடு இல்லாத ஒருவருக்கு ஒரு ராத்திரி படுக்க இடம் கொடுத்துட்டோம். சரி, மறுநாள் காலையில் அவர் எங்கே போவார்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்தான் வில்லியம் பூத். 'சால்வேஷன் ஆர்மி' எனும் இரட்சணிய சேனையை உருவாக்கியவர். நாகர்கோவிலில் இருக்கும் கேத்தரின் பூத் மருத்துவமனை, இவருடைய மனைவி பெயரில் அமைந்ததுதான்.

அடகுக் கடை பையன்

1829-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தார் பூத். அப்பாவுக்குத் தொழிலில் நஷ்டம். அதனால் 13 வயதிலேயே அடகுக் கடையில் வேலைக்கு விடப்பட்டார். 1849-ல் பிழைப்பு தேடி லண்டன் வந்தபோதும் கிடைத்தது அதே அடகுக் கடை வேலைதான். பிறகு மதபோதகர் ஆனார். 1865-ல் மனைவி கேத்தரினுடன் கிழக்கு லண்டன் ஏழைகள் மத்தியில் தொடங்கிய பணி, 1878-ல் சால்வேஷன் ஆர்மி என்று பெயர் மாறியது.

பாலத்தில் பார்த்த காட்சி

1887 கடைசியில் ஒருநாள் இரவு, லண்டன் பாலத்தில் ஆண்கள் குளிரில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தார் பூத். உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று மகன் பிராம்வெல்லிடம் சொன்னார். 1888-ல் லைம்ஹவுஸ் பகுதியில் குறைந்த விலைக்குச் சாப்பாடும், தங்க இடமும் கிடைக்கும் விடுதி திறக்கப்பட்டது.

மூணு படி திட்டம்

ஆனா, விடுதி மட்டும் போதாது என்று பூத்துக்குப் புரிந்தது. 1890-ல் வெளியிட்ட புத்தகத்தில் பெரிய திட்டத்தை வைத்தார். முதல் படி, நகரத்தில் தங்குமிடமும் கூடவே வேலையும். இரண்டாவது, கிராமத்துப் பண்ணையில் தங்கி வேலை கற்றுக்கொள்வது. மூன்றாவது, வெளிநாட்டில் குடியேறிப் புது வாழ்க்கை. லண்டனில் வண்டி இழுக்கும் குதிரைக்குக்கூட தீனி, கொட்டில், வேலை மூன்றும் கிடைக்கிறது. மனிதனுக்கு அதுவும் இல்லையே என்பதுதான் அவர் வாதம். புத்தகம் வந்த அதே அக்டோபரில் கேத்தரின் புற்றுநோயால் இறந்தார். ஆனாலும் வேலை நிற்கவில்லை.

1891-ல் எசெக்ஸ் பகுதியில் ஹாட்லி பண்ணை தொடங்கியது. லண்டன் விடுதிகளில் இருந்து வந்த ஆண்கள் அங்கே விவசாயம், கால்நடை வளர்ப்பு, செங்கல் தயாரிப்பு எனப் பழகினார்கள்.

எதிர்ப்பும் இருந்தது

எல்லோரும் பாராட்டவில்லை. விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லி பத்திரிகையில் கடுமையாக விமர்சித்தார். ஹான்பரி தெரு பட்டறையில் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவதாகத் தச்சுத் தொழிலாளர் சங்கங்கள் போராடின. வீடற்றவருக்கு வேலை தருவது உதவியா, சுரண்டலா? இந்தக் கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. மூன்றாவது படியும் நினைத்தபடி நடக்கவில்லை. வெளிநாட்டில் தனிக் குடியிருப்பு அமைவதற்குப் பதிலாக, ஏராளமானோர் கனடாவுக்கு அனுப்பி வைக்கப்பட்டனர்.

இன்று என்ன?

1912 ஆகஸ்ட் 20-ல், 83 வயதில் பூத் காலமானார். இன்று பல நாடுகளில் 'ட்ரான்சிஷனல் ஹவுசிங்' என்ற பெயரில் நடப்பதும் கிட்டத்தட்ட இதே யோசனைதான். சில மாதங்கள் தங்க இடம், கூடவே வேலைப் பயிற்சி, பிறகு சொந்தக் காலில் நின்று வாடகை கட்டும் நிலை. ஹாட்லி பண்ணையில் பயிற்சி மையமும் செயல்படுகிறது. படுக்கை கொடுப்பது தொடக்கம்தான், காலையில் போக ஒரு வேலை வேணும். பூத் விட்டுப்போன பாடம் அதுதான்.