கடன்காரன் வாசலில் நின்ற கோவைத் தமிழர்

திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையிலே உள்ளது அவிநாசிபாளையம். இச்சுற்று வட்டாரத்துத் தறியும் பின்னல் யந்திரமும் ஓடுவதும் நிற்பதும் நம் ஊர்ச் சந்தையை மட்டும் பொறுத்ததன்று. கடல் கடந்த நாடுகளில் போடும் வரியும், அங்கே செய்யும் நாணயத் தீர்மானமும் இங்கே தொழிலாளியின் சனிக்கிழமைக் கூலியைத் தொடுகின்றன. 2025 ஜூலை 24-ந் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வியாபார ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டதிலிருந்து இப்பேச்சு வலுத்திருக்கிறது. இத்தருணத்தில், பிரிட்டனோடு மூன்று முறை கணக்குப் பேசிய கோவைத் தமிழர் ஒருவரின் வாழ்வை நினைவுபடுத்துவது நம் கடமை என்று கருதுகிறோம். அவர்தாம் ஆர். கே. சண்முகம் செட்டியார்.

1892-ல் கோயம்புத்தூரில், பஞ்சும் நூலும் அறிந்த குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் கலையும் சட்டமும் பயின்றார். ஜஸ்டிஸ் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தவர், பின்னர் மத்திய சட்டசபை புகுந்து சுயராஜ்யக் கட்சியின் கொறடாவாக விளங்கினார். 1930-ல் காங்கிரஸார் சட்டசபைகளைத் துறந்து சிறை நோக்கிச் சென்றபோது, இவர் உள்ளேயே தங்கிவிட்டார். உபதலைவராகவும், 1933-ல் தலைவராகவும் உயர்ந்தார். சர் பட்டமும் வந்தது.

1932-ம் வருஷத்தை நம் வட்டாரத்தார் மறக்க முடியாது. அவ்வாண்டு ஜனவரியில் திருப்பூர் வீதியில் கொடியேந்திய குமரன் போலீஸாரின் அடிபட்டு உயிர் நீத்தான். அதே ஆண்டின் கோடையில் செட்டியார் கனடாவின் ஒட்டாவா நகரில், ஏகாதிபத்தியப் பொருளாதார மகாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராக வீற்றிருந்தார். உலக மந்தத்தில் சிக்கிய பிரிட்டன், அக்கம்பக்கத்து ஐரோப்பியச் சந்தையைக் காட்டிலும் தன் ஆளுகைக்கு உட்பட்ட நாடுகளின் சந்தையையே அரணாக நம்பிற்று. சாம்ராஜ்யச் சரக்குக்குச் சலுகை வரி, அந்நியச் சரக்குக்கு அதிக வரி என்பதே ஒட்டாவாவின் சாரம். இந்தியாவும் பிரிட்டிஷ் பண்டங்கள் பலவற்றுக்கு நூற்றுக்குப் பத்து வரை சலுகை அளித்தது. செட்டியார் அதை ஆதரித்தார். நம் விளைபொருளுக்கு நிச்சயமான சந்தை வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் எஜமானனும் அடிமையும் செய்துகொள்ளும் பேரத்தில் சமத்துவம் எங்கிருந்து வரும்? தேசம் அவ்வொப்பந்தத்தை ஏற்கவில்லை. 1934 தேர்தலில் செட்டியார் தோற்றார். 1936-ல் சட்டசபையே ஒப்பந்தத்தை முடித்துவிடுமாறு தீர்மானித்தது. இவ்விஷயத்தில் தேசத்தின் தீர்ப்பே சரியென்பது நமது துணிபு.

தோற்றவர் சோர்ந்துவிடவில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்து, துறைமுகத்தின் வளர்ச்சிக்கு உழைத்தார். தமிழிசை இயக்கத்துக்கும் துணை நின்றார்.

இதற்கிடையே இரண்டாவது மகாயுத்தம் மூண்டது. நம் துணியும் தானியமும் சணலும் தோலும் யுத்தகளங்களுக்குப் போயின. பண்டம் இங்கிருந்து சென்றது. விலையோ லண்டனில் ஸ்டர்லிங் கணக்கில் ஏறிற்று. அக்கணக்குக்கு ஈடாக இங்கே நோட்டுகள் அச்சாயின. விலைவாசி ஏறிற்று, துணிக்குப் பஞ்சம் வந்தது, 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பசியால் மாண்டனர். ஏழையின் வயிற்றைச் சுருக்கிச் சேர்ந்த அந்நிலுவை யுத்த முடிவில் 130 கோடி பவுனைத் தாண்டியிருந்தது. கடன்பட்டிருந்த இந்தியா கடன் கொடுத்த நாடாயிற்று.

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் கூடிய நாணய மகாநாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவில் செட்டியாரும் இருந்தார். முடங்கிக் கிடக்கும் ஸ்டர்லிங்கில் ஒரு பகுதியையேனும் வேறு நாணயமாக மாற்ற வழி வேண்டும் என்று நம் குழு கோரிற்று. அது கடன்பட்டவரும் கொடுத்தவரும் நேரே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று கூறி, பிரிட்டனின் கீன்ஸ் பிரபு கதவைச் சாத்தினார். ஏழை நாடுகளின் வளர்ச்சியும் உலக நிதியின் நோக்கங்களுள் சேரவேண்டும் என்று நம்மவர் வாதாடினர். ஒட்டாவாவில் சலுகை கேட்ட செட்டியார் இங்கே உரிமை கேட்டார். இம்மாறுதலே அவர் வாழ்வின் உயர்ந்த கட்டம் எனலாம்.

1947 ஆகஸ்ட் 15-ல் பழைய எதிர்க்கட்சிக்காரரான அவரே சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானார். நவம்பர் 26-ல் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். மறு ஆண்டு கோடையில் கடன் கணக்குப் பேச லண்டன் சென்றார். அன்றைய பிரிட்டனின் நிலை என்ன? யுத்தத்தில் செல்வம் கரைந்து, அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கி, ஸ்டர்லிங்கை டாலராக மாற்றலாம் என்று 1947 ஜூலையில் அறிவித்து, ஐந்தே வாரங்களில் அதை நிறுத்திவிட்டது. மலேயாவில் நம் தமிழ்த் தொழிலாளர் பால் வெட்டிய ரப்பர் ஈட்டிய டாலரும் லண்டன் பெட்டகத்திலேயே சேர்ந்தது. குடியேற்ற நாடுகளின் பொருளைக் கொண்டே பிரிட்டன் தன் பவுனைத் தாங்கிற்று. இந்தியாவைக் காத்ததற்குக் கூலியாக நிலுவையைக் குறைக்க வேண்டும் என்னும் எண்ணம் சர்ச்சில் முதலியோரிடம் இருந்தது.

1948 ஜூலை ஒப்பந்தத்தில் அவ்வெட்டு நிகழவில்லை. அது பெரிய லாபம். ஆனால் யுத்தத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுனும், ஓய்வுபெற்ற வெள்ளை அதிகாரிகளின் பென்ஷனுக்காக 16 கோடியே 80 லட்சம் பவுனும் கழிக்கப்பட்டன. மூன்றாண்டுகளுக்குப் புதிதாக விடுவித்தது 8 கோடி பவுன் மாத்திரமே. அதிலும் டாலராக மாற்றக்கூடியது சொற்பம். 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராக இறங்கியபோது, மீந்த நிலுவையின் டாலர் வலிமையும் நூற்றுக்கு முப்பது குறைந்தது. பொறுத்திருந்தவனுக்கே நஷ்டம்!

அதற்குள் செட்டியார் பதவியில் இல்லை. வருமானவரி விசாரணைக்கு அனுப்பிய சில வழக்குகளை வாபஸ் வாங்கிய விஷயத்தில் கண்டனம் எழ, 1948 ஆகஸ்டில் இராஜினாமாச் செய்தார். 1953 மே மாதத்தில் காலமானார்.

பிரிட்டனோ பிறகு அண்டை நாட்டுச் சந்தையை நாடிற்று. 1973-ல் ஐரோப்பியக் கூட்டில் சேர்ந்தது. 2020-ல் அதையும் விட்டது. இப்போது நம்மிடம் ஒப்பந்தம் செய்கிறது. அதன் விருப்பம் சாம்ராஜ்யமானாலும் அயல்நாடானாலும், அளவுகோல் அதன் சொந்த நலன் ஒன்றே. இதில் கோபிக்க ஒன்றுமில்லை. கற்க வேண்டியது உண்டு. வங்காள தேசத்துப் பனியன் வரியின்றிப் புகும் சந்தையில் நம் பனியனும் வரியின்றிப் புகுவது நன்மையே. ஆயினும் பதிலுக்கு நாம் கொடுப்பது என்ன, கணக்கு எந்த நாணயத்தில், தவணை எப்போது என்பவற்றை அவிநாசிபாளையத்துத் தொழிலாளியும் கேட்டறிய வேண்டும். செட்டியார் வாழ்வு நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே: கையெழுத்திடும் கை சுதந்திரமாக இருந்தால் மட்டும் போதாது; கணக்கைப் பார்க்கும் கண்ணும் விழித்திருக்க வேண்டும்.