வழி மாறியும் வாக்கு மாறாதவர்

எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1874 பிப்ரவரி 15 ஆம் நாள் அயர்லாந்து நாட்டுக் கில்கேயில் பிறந்தார். மகன் தம்மைப் போல் மருத்துவராக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனோ கடலை நாடிப் பதினாறாம் வயதில் பாய்மரக் கப்பலேறினார். கவிதை ஈடுபாடு அவரிடம் இறுதிவரை குன்றவில்லை. பிரௌனிங்கின் பாடல்கள் பல அவருக்கு மனப்பாடம். 1909 ஜனவரி 9 ஆம் நாள் தென்முனைக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவு வரை சென்றார். மேலும் நடந்தால் உடன்வந்த மூவரும் உணவின்றி மாள்வர் என்றுணர்ந்து, கைக்கெட்டிய புகழை விடுத்துத் திரும்பினார்.

1914 இல் தென்முனைக் கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார். அவருடைய கப்பல் என்டியூரன்ஸ் வெடல் கடலின் உறைபனியில் சிக்கி நொறுங்கி, 1915 நவம்பர் 21 இல் மூழ்கியது. பனிப்பரப்பில் நின்றவர் 28 பேர். கண்டம் கடக்கும் கனவைக் கைவிட்டு, அத்தனை பேரையும் உயிருடன் மீட்பதையே தம் கடமையாக அவர் ஏற்றார். 1916 ஏப்ரலில் பனி பிளக்க, மூன்று படகுகளில் கிளம்பினர். காற்றும் நீரோட்டமும் மாறுந்தோறும் சேருமிடத்தையும் மாற்றினார். முடிவில் ஒதுங்கியது, கப்பல்கள் எட்டிப்பாராத யானைத் தீவில்.

உதவி கொண்டு மீள்வதாகச் சொல்லி 22 பேரை அங்கே விட்டு, ஐவருடன் ஏப்ரல் 24 இல் ஜேம்ஸ் கெய்ர்டு என்னும் ஏழு மீட்டர் நீளப் படகில் ஏறினார். ஃபாக்லாந்துத் தீவுகள் அருகிலிருந்தன. ஆனால் அக்கடலில் ஓயாது வீசுவது மேலைக்காற்று. அதை எதிர்த்துச் சிறுபடகு செல்லாது. ஆகவே 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென் ஜார்ஜியாவைக் குறிவைத்தார். திமிங்கில வேட்டை நிலையங்கள் அத்தீவின் வடகிழக்குக் கரையில் இருந்தன. எனினும், தீவைத் தவறவிட்டால் அப்பால் வெறுங்கடலே என்பதால், மாலுமி வோர்ஸ்லி ஆளற்ற தென்மேற்குக் கரையை நோக்கியே படகைச் செலுத்தினார்.

மே 8 ஆம் நாள் கரை தெரிந்தது. குடிநீரில் உப்பு கலந்துவிட்டமையால் அறுவரும் தாகத்தால் தவித்தனர். ஆயினும் பாறைகளில் மோதிச் சிதறிய அலைகளைக் கண்ட ஷாக்கிள்டன் படகைக் கடலுக்கே திருப்பச் சொன்னார். மறுநாள் எழுந்த சூறாவளி படகைக் கரைப்பாறைகளை நோக்கித் தள்ளியது. நம்பிக்கை அற்ற வேளையில் காற்று திசைமாறிற்று. பாய்மரத்தைப் பிணைத்திருந்த ஆணி, புயல் தணிந்த பின்னரே கழன்று விழுந்தது. மே 10 இல் ஹாகோன் மன்னர் விரிகுடாவில் கரையேறினர். ஏறுகையில் சுக்கான் கடலோடு போயிற்று.

முதல் திட்டப்படி இனித் தீவைச் சுற்றிக் கடல்வழியே செல்லவேண்டும். படகு நைந்திருந்தது, மக்னிஷ், வின்சென்ட் இருவரும் தளர்ந்திருந்தனர். இதுவரை எவரும் ஊடறுத்திராத பனிமலைகளைக் கால்நடையாய்க் கடப்பதென ஷாக்கிள்டன் முடிவு செய்தார். தொலைந்த சுக்கானைச் சில நாளில் அலையே கொணர்ந்து சேர்த்தது. முடிவை அவர் மாற்றவில்லை; விரிகுடாவின் உட்கோடி வரை செல்லவே படகைப் பயன்படுத்தினார். நலிந்த இருவரையும் மக்கார்த்தியின் காவலில் விட்டு, மே 19 விடியுமுன் வோர்ஸ்லி, கிரீன் ஆகியோருடன் புறப்பட்டார். பனி வழுக்காதிருக்கப் படகின் திருகாணிகளைக் காலணிகளில் பதித்திருந்தனர். 36 மணி நேரம் நடந்து ஸ்ட்ராம்னெஸ் நிலையத்தை அடைந்தனர்.

யானைத் தீவை அணுக மேற்கொண்ட மூன்று முயற்சிகளைப் பனி தடுத்தது. நான்காம் முறை, ஆகஸ்டு 30 இல், சிலி நாட்டின் எல்சோ கப்பலில் சென்று 22 பேரையும் உயிருடன் மீட்டார். கண்டத்தின் மறுபுறம் ராஸ் கடலில் அவருக்காக உணவுக் கிடங்குகள் அமைத்த குழுவில் மூவர் மாண்டனர். படகின் பக்கங்களை உயர்த்திக் கட்டிய தச்சர் மக்னிஷுக்குத் துருவப் பதக்கம் கிடைக்க அவர் பரிந்துரைக்கவில்லை என்பதும் மறைக்கத் தகாதது.

மலை கடந்த மூவரும் தம்முடன் இன்னொருவர் நடந்ததாக உணர்ந்தனர் என்று ஷாக்கிள்டன் எழுதினார். அந்த அனுபவமே 1922 இல் வெளிவந்த எலியட்டின் ‘பாழ்நில’த்தில் ஒரு பகுதிக்கு வித்தாயிற்று.

அதே 1922 ஜனவரி 5 இல், மற்றொரு பயணத்தின்போது, ஷாக்கிள்டன் தென் ஜார்ஜியாவில் காலமானார். தாயகம் நோக்கி அனுப்பப்பட்ட உடல், மனைவியாரின் விருப்பப்படி மாண்டிவிடியோவிலிருந்து திருப்பப்பட்டு, மார்ச் 5 இல் அத்தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டது. இறுதிப் பயணத்திலும் அவருக்கு வழி மாறிற்று.