அளந்து ஆண்ட அருண்மொழி

திருக்கோயில் விமானத்தின் உச்சியில் கலசம் ஏறி, அதன்மேல் திருமஞ்சன நன்னீர் பொழியும் காட்சியைக் கண்டு கைகுவித்து நிற்கும் அன்பர்க்கு, தஞ்சைப் பெருவேந்தர் முதலாம் இராசராச சோழரை நினைவூட்டுதல் பொருத்தமாகும். அவர் தாம் எடுப்பித்த இராசராசேச்சரத் திருவிமானத்தின் உச்சியில் வைத்தற்குரிய செப்புக் குடத்தினைத் தமது ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010இல், கொடுத்தருளினார். அக்குடத்தின் எடை 3,083 பலம் என்பதும், அதன்மேற் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு என்பதும் கல்லில் எழுதப்பெற்றுள்ளன. கடல் கடந்து வெற்றி கொண்ட ஒரு பேரரசர் அரைக் கழஞ்சுக்கும் கணக்கு எழுதுவித்தது எதற்காக? இவ்வினாவிற்கு விடை காணப் புகின், அரசுகள் தழைப்பதும் தளர்வதும் எதனால் என்பது ஒருவாறு விளங்கும்.

இவர்தம் இயற்பெயர் அருண்மொழிவர்மர். சுந்தர சோழருக்கும் வானவன் மாதேவியாருக்கும் திருமகனார். குந்தவைப் பிராட்டியாருக்கு இளவல். இவர் பிறந்த காலத்துச் சோழநாடு இன்று நாம் எண்ணும் பெருநாடு அன்று. கி.பி. 949இல் தக்கோலப் பெரும்போரில் இளவரசர் இராசாதித்தர் யானைமேலிருந்தவாறே உயிர் துறந்தமையின், வடபகுதி இராட்டிரகூடர் கைப்பட்டு, சோழ அரசு சுருங்கிக் கிடந்தது. பிற்காலத்தில் இவர் தமையனார் ஆதித்த கரிகாலரும் வஞ்சகரால் கொலையுண்டார். தந்தையாரும் விண்ணுலகு எய்தினார்.

அந்நிலையில் நாட்டு மக்கள் அருண்மொழியாரையே அரசராக விரும்பினர் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. ஆயினும் சிறிய தந்தையார் முறையினரான உத்தம சோழருக்கு அரசுரிமையில் விருப்பம் உண்டு என்பதை அறிந்து, அவர் ஆளும் காலமளவும் தாம் அரசை மனத்தாலும் விழையேன் என ஒதுங்கி நின்றார் என்றும் அச்செப்பேடே உரைக்கின்றது. தாயத்தார் போரினால் அழிந்த குடிகள் உலகில் எண்ணிறந்தன. ஈண்டோ, வாளெடுக்கும் வலிமை இருந்தும் ஓர் இளைஞர் பதினைந்து ஆண்டளவு பொறுத்திருந்தார். கி.பி. 985இல் அரசுகட்டில் ஏறிய பின்னரும், உத்தம சோழரின் அன்னையாராகிய செம்பியன் மாதேவியாரைப் போற்றி வழிபட்டார். உத்தமரின் மைந்தர் மதுராந்தகன் கண்டராதித்தரைப் பகையாகக் கருதாது, திருக்கோயில்களின் நடைமுறையை ஆராயும் உயர் பணியில் அமர்த்தினார். தம்மை ஆளும் ஆற்றல் உடையாரே பிறரை ஆளுதற்கு உரியர் என்பதற்கு இவர் வாழ்வின் இப்பகுதி சான்றாகும்.

இவர்தம் போர் வெற்றிகளைப் பலரும் அறிவர். காந்தளூர்ச்சாலையும், பாண்டிநாடும், கங்கபாடியும், நுளம்பபாடியும், வேங்கையும், ஈழமும், கடலிடைப்பட்ட பழந்தீவுகளும் இவர் மெய்க்கீர்த்தியுள் அடுக்கிச் சொல்லப்படுவன. அவற்றை விரித்துரைத்தல் எம் கருத்தன்று. வென்ற வேந்தர் பலராவர். வென்றதனை நிலைபெறுத்தியவர் சிலரேயாவர். அச்சிலருள் இவரை வைத்து எண்ணுதற்குரிய காரணத்தையே ஈண்டு ஆராய்கின்றோம்.

கி.பி. 1001இல் சோழநாட்டு நிலம் முழுவதையும் அளக்க இவர் ஆணையிட்டார். வேலியை மாவாகவும், முந்திரியாகவும், அதனினும் நுண்ணிய கீழ்முந்திரியாகவும் பகுத்து நிலம் அளக்கப்பட்டது. அளத்தல் மிகுதியாக வரி தண்டுதற்கே என்று எண்ணுதல் கூடாது. தஞ்சைக் கல்வெட்டுகளைக் காண்மின்! ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தைச் சொன்ன பின்னர், குடிகள் வாழும் ஊர்நத்தம், குளம், ஊரின் ஊடே செல்லும் வாய்க்கால், கோயில், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியன இறை கொள்ளத்தகாதன என நீக்கி, எஞ்சிய விளைநிலத்திற்கே இறை வகுக்கப்பட்டது. கொள்வது எவ்வளவு என்று அறிந்ததோடு, கொள்ளத்தகாதது எது என்பதையும் அறிந்து எழுதிய அரசு அது. குடிமகனுக்கும் தான் செலுத்த வேண்டுவது இவ்வளவே என்னும் தெளிவு பிறந்தது. தண்டுவோன் மனம்போல் தண்டும் நாட்டில் உழவன் ஊரைவிட்டு ஓடுவான். அளவு தெரிந்த நாட்டில் அவன் ஏரைப் பூட்டுவான்.

ஊர்களை ஆளும் பொறுப்பை இவர் தம் கைக்கு இழுத்துக்கொள்ளவில்லை. முதற் பராந்தகர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) காணும் குடவோலை முறையும், சபைகளும், ஊரார் மன்றங்களும் தத்தம் கடமைகளை ஆற்றிவந்தன. அரசின் கண் அவற்றின் கணக்கை ஆராய்ந்தது. அரசின் கை அவற்றின் உரிமையைப் பறிக்கவில்லை.

இராசராசேச்சரமோ இவ்வாட்சி முறை முழுவதும் கல்வடிவு கொண்டதாகும். தாம் கொடுத்தவற்றையும், தமக்கையார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், ஏனையோர் கொடுத்தவற்றையும் ஒருசேரத் திருவிமானத்தில் வெட்டுவிக்க அவர் பணித்தார். வேந்தர் கொடை மேலாகவும் எளியார் கொடை மறைவாகவும் போகவில்லை. கோயிற் பொருள் ஊர்ச்சபைகளுக்குக் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டிக்கு அளிக்கப்பெற்று, உழவுக்கும் உதவிற்று, வழிபாட்டுக்கும் உதவிற்று. ஒரு நந்தாவிளக்கிற்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் இடையர்பால் ஒப்படைக்கப்பெற்றன. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் வீடும் பங்கும் வகுக்கப்பட்டன. திருப்பதிகம் விண்ணப்பஞ் செய்வார் நாற்பத்தெண்மரும், உடன் கொட்டுவார் இருவரும் நாள்தோறும் நெல் பெற்றனர். பணியாளர் ஒருவர் இறப்பின் அடுத்த உறவினர் அப்பணியைப் பெறலாம். அவர்க்குத் தகுதி இன்றேல் தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும். இவ்விதியை வகுத்த வேந்தர் தம் அரியணைக்கும் அதனையே கைக்கொண்டார் எனலாம். தகுதி நிறைந்த மைந்தர் இராசேந்திரரைக் கி.பி. 1012இல் உடனாளும் அரசராக்கி, பொறுப்பில் பழக்கி, அதன் பின்னரே 1014இல் சிவனடி சேர்ந்தார்.

சிவபாதசேகரன் என்னும் பெயர் தாங்கிய இவர், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னர் எடுத்த புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தார். தம் சமயத்தில் உறுதியும், பிறர் சமயத்தில் அருளும் ஒருங்கு நின்றமையால், கடல்வழி வணிகரும் சோழர் துறையை நம்பி வந்தனர்.

ஆயினும் உண்மையை மறைத்து ஒருவரைப் புகழ்தல் சைவ மரபன்று. இவர்தம் படைகள் ஈழத்தின் பழந்தலைநகராகிய அநுராதபுரத்தை அழித்தன. கன்னட நாட்டில் சோழர் படை செய்த கொடுமைகளை அந்நாட்டுக் கல்வெட்டு ஒன்று நொந்து கூறுகின்றது. பொலன்னறுவையில் சிவாலயம் எழுந்தது உண்மையே. எனினும் வாளால் கொண்ட ஆட்சி அங்குள்ளார் உள்ளத்தில் வேர்கொள்ளவில்லை. கி.பி. 1070இல் விசயபாகு சோழரை ஈழத்தினின்றும் நீக்கினார். 1116ஆம் ஆண்டளவில் கங்கபாடியும் போசளர் வசமாயிற்று. இவற்றை இழந்த பின்னரும், அளந்து, எழுதி, ஊராரை நம்பி ஆண்ட சோழமண்டலம் ஒரு நூற்றாண்டுக்கு மேலும் நிலைத்து நின்றது.

அதுவும் ஒரு நாள் வீழ்ந்தது. வரியும் படையும் சிற்றரசர் கைக்குச் சென்றன. அவர்கள் வேந்தரைக் கேளாது தமக்குள்ளே உடன்படிக்கை செய்துகொண்டனர். கி.பி. 1231இல் மூன்றாம் இராசராசரைக் கோப்பெருஞ்சிங்கன் என்னும் காடவர் தலைவனே சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். பெயர் அதுவே, அளந்தறியும் கண் மட்டும் இல்லை! 1279ஆம் ஆண்டோடு மூன்றாம் இராசேந்திரரின் ஆட்சி மறைய, சோழப் பேரரசும் மறைந்தது.

அரசு போயிற்று, கோயில் நிற்கின்றது. கி.பி. 2020 பிப்ரவரித் திங்களிலும் அப்பெருவிமானக் கலசத்தின்மேல் நன்னீர் பொழிந்தது. படை கொண்டு சேர்த்தவை படையோடு கழிந்தன. கணக்கோடு கொடுத்தவை கல்லில் இருக்கின்றன. இன்று இத்திருப்பணிக்கு ஒரு செங்கல் அளித்தாரும், அதன் கணக்கை எழுதுவாரும், அதனைக் காத்தற்குரியாரும் இப்பெருவேந்தரின் அரைக் கழஞ்சை நினைவிற் கொள்வாராக. தனக்குரியதன்று என்பதை அறிந்து கை விலக்குதலும், தன்னிடம் ஒப்படைத்ததைக் குறைவின்றிக் காட்டுதலும் குடும்பத்திற்கும் கோயிலுக்கும் நாட்டிற்கும் ஒன்றேயான அறம் ஆகும். அவ்வறம் நிற்குமளவும் அரசு நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.