எறும்பைத் தேடினால் பறவை கிடைக்கும்!

குட்டி நண்பர்களே, மழைக்காட்டில் பறவை பார்ப்பது சுலபம் என்றா நினைக்கிறீர்கள்? அங்கே மரங்கள் நூறு அடிக்கு மேல் வளர்ந்திருக்கும். கீழே பட்டப்பகலிலும் அரை இருட்டு. கூவுகிற சத்தம் காதில் விழும். கூவிய பறவை மட்டும் கண்ணில் படாது!

அப்படிப்பட்ட காட்டில்தான் பல வருடங்கள் அலைந்தார் பால் டு ஷாயு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள காபோன் நாட்டுக் காடு அது. அவருடைய அப்பா அந்தக் கடற்கரையில் வியாபாரம் செய்த பிரெஞ்சுக்காரர். அதனால் சிறு வயதிலேயே அங்கு போய், அந்த ஊர் மக்களின் பேச்சையும் பழக்கவழக்கத்தையும் கற்றுக்கொண்டார். 1852ல் அமெரிக்கா சென்றவர், சில வருடங்களில் மறுபடியும் காபோனுக்கே வந்துவிட்டார்.

1856 முதல் 1859 வரை காட்டுக்குள் நடையோ நடை. ஐம்பது தடவை காய்ச்சல் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். சேகரித்த பறவைகளை அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கு அனுப்பினார். அங்கே ஜான் காசின் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து பெயர் வைத்தார். கருப்பு கினிக்கோழி உலகத்துக்குத் தெரிய வந்தது அப்படித்தான். அது 1857ல்.

ஆனால், அந்தக் காலத்தில் பறவை ஆராய்ச்சி என்றால் கையில் துப்பாக்கி இருக்கும். டு ஷாயு சுட்டுப் பாடம் செய்த பறவைகள் 2000க்கும் மேல்! கேட்கவே வருத்தமாக இருக்கிறது, இல்லையா?

சுட்டதோடு அவர் நிற்கவில்லை. கவனித்துப் பார்க்கவும் செய்தார். அந்தக் காட்டில் படை எறும்புகள் உண்டு. அங்குள்ளவர்கள் அவற்றை 'பாஷிகோவே' என்பார்களாம். கண் தெரியாத எறும்புகள்தான். ஆனாலும் லட்சக்கணக்கில் ஆறு மாதிரி ஊர்ந்து வரும். வீட்டுக்குள் புகுந்தால் மனிதர்களே வெளியே ஓட வேண்டியதுதான்! எலி, கரப்பான்பூச்சி எதுவும் மிஞ்சாது.

இந்த எறும்புப் படையின் கூடவே ஒரு சின்னப் பறவைக் கூட்டமும் வருவதை டு ஷாயு பார்த்தார். முதுகு செம்பழுப்பு, வயிறு வெளுப்பு. அலீத் என்று பெயர். எறும்பைத் தின்னத்தான் வருகிறது என்று நினைப்பீர்கள். இல்லை! எறும்புக்குப் பயந்து வெட்டுக்கிளியும் வண்டும் துள்ளி ஓடுமே, அவற்றைத்தான் 'டபக்'கென்று பிடிக்கிறது. மாடு மேயும்போது உண்ணிக்கொக்கு கூடவே நடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே தந்திரம்தான்.

1861ல் லண்டனில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. கொரில்லாவைப் பற்றியும் அதில் எழுதியிருந்தார். படித்தவர்களில் பாதிப் பேர் வியந்தார்கள். பாதிப் பேர் 'புளுகு' என்றார்கள். தேதிகளை அவர் குழப்பி எழுதியிருந்ததும் ஒரு காரணம். நீந்தி மீன் பிடிக்கும் விலங்கு ஒன்றைப் பற்றி எழுதியிருந்தாரா, அதையும் ஜான் எட்வர்ட் கிரே என்ற அறிஞர் நம்பவில்லை. தோலைப் பார்த்துவிட்டு, அது எலி இனம் என்றார். 'கட்டுக்கதை எலி' என்று பொருள்படும் பெயரையே வைத்துவிட்டார்! சில வருடங்களில் வேறு இடத்திலிருந்து அதே விலங்கு கிடைத்தது. அறுத்துப் பார்த்தால், எலியே இல்லை!

டு ஷாயு சும்மா இருப்பாரா? சொன்னதை நிரூபிக்க, போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டு, கேமராவுடன் 1863ல் மீண்டும் புறப்பட்டார். 1865ல் ஒரு கிராமத்தில் அவருடைய ஆள் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, உயிர்கள் போயின. ஊரே கோபத்தில் துரத்தியது. உயிர் பிழைக்க ஓடியபோது, எடுத்த போட்டோக்கள் எல்லாம் காட்டிலேயே போயின. எவ்வளவு பாடுபட்டு எடுத்த படங்கள்!

பிற்காலத்தில் உங்களைப் போன்ற சிறுவர்களுக்காகப் பல காட்டுக் கதைகள் எழுதினார். 1903ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இறந்தார்.

காபோனில் 2002ல் 13 தேசியப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன. இப்போது பறவை பார்க்கப் போகிறவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, பைனாகுலர்தான். எறும்பு வரிசையைக் கண்டால் அப்படியே நின்றுவிடுவார்கள். பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டுதான்!