40 வாட்டில் சென்னையைப் பாட வைத்தவர்

எழும்பூரில் இருந்து தாம்பரத்துக்கு ரெயிலில் 25 கிலோமீட்டர். இன்று அந்த ரெயிலில் ஏறினால், பலர் காதில் பாட்டு ஓடிக் கொண்டிருக்கும். கம்பி இல்லாமல் சென்னைக்குப் பாட்டு வந்த கதை அதே எழும்பூரில்தான் தொடங்கியது. கொண்டு வந்தவர் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார்.

அவர் மாநகராட்சியின் மின்சார என்ஜினீயர். இங்கிலாந்தில் படித்தவர். சீமைக்குப் போனவர்கள் பட்டத்தோடு திரும்புவார்கள். இவர் ஒலிபரப்புக் கருவியின் பாகங்களையும் சேர்த்துக் கொண்டு வந்தார்!

1924 மே 16-ந் தேதி சென்னை மாகாண ரேடியோ கிளப் பிறந்தது. எழும்பூர் ஹாலோவேஸ் கார்டன்தான் அதன் இடம். ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. கருவியின் சக்தி 40 வாட். பழைய குழல் விளக்கு ஒன்று எரிய வேண்டிய மின்சாரம்தான்.

5 மடங்கு சக்தி

ரேடியோ அலை போகப் போக மெலியும். திறந்த வெளியில் இரண்டு மடங்கு தூரத்தில் அதே பலத்தோடு கேட்க வேண்டுமானால், 4 மடங்கு சக்தி வேண்டும்.

அப்போது மலிவாகக் கிடைத்தது படிக ரேடியோ. அதற்குப் பேட்டரி கிடையாது. அலையில் வரும் சக்தியைக் கொண்டே அது பாட வேண்டும். நிலையத்தை விட்டுத் தள்ளிப் போனால் பேசாது. வால்வு ரேடியோ தூரத்திலும் பாடும். ஆனால் ஏழை வீட்டில் அதை வாங்க முடியுமா?

பிறகு 200 வாட் கருவி வந்தது. சக்தி 5 மடங்கு. தூரம் 5 மடங்கு ஆகாது. கணக்குப்படி இரண்டு மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

நம் கைப்பேசி கெட்டிக்காரக் கருவி. கோபுரம் பக்கத்தில் இருந்தால் தன் சக்தியைத் தானே குறைத்துக் கொள்ளும். பொத்தான் பேட்டரியில் ஓடும் சின்னக் கருவிகளோ, ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கை வைத்தே அறைக்குள் பேசி முடித்து விடும். செட்டியாரின் நிலையத்துக்கு அந்த வசதி இல்லை. யார் எங்கே கேட்கிறார் என்று அதற்குத் தெரியாது. கடைசி வீட்டுக்காரருக்காகவும் முழுச் சக்தியில் பாடியே ஆக வேண்டும்.

பூங்காவில் பாட்டு

கிளப்பில் பணம் இல்லை. 1927 அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது. கருவி என்ன ஆயிற்று? அது பாழாகவில்லை. மாநகராட்சியிடம் கொடுக்கப்பட்டது.

1930 ஏப்ரல் 1-ந் தேதி அதே கருவி மறுபடி பாடியது. மாலை 5.30 முதல் 7.30 வரை நிகழ்ச்சி. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ரேடியோ வாங்க முடியாதவர்கள் புல்தரையில் உட்கார்ந்து காசில்லாமல் கச்சேரி கேட்டார்கள். கடைசி வீடு வரை அலையை அனுப்புவதைவிட இது நல்ல யோசனை என்றே தோன்றுகிறது.

8 ஆண்டுகள் இப்படி நடந்தது. 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. மாநகராட்சியின் ஒலிபரப்புப் பணி அதன் கைக்குப் போயிற்று.