ஆசிரியர் பொருட்டு வாதாடிய ஹார்வி மில்க்

ஆசிரியத் தொழில் நற்பெயரையே முதலாகக் கொண்டு நடைபெறுவது. வணிகன் பொருளை இழப்பின் மீண்டும் ஈட்டலாம். உபாத்தியாயர் தம் பெயரை இழப்பின், அவர் கற்ற கல்வியும் கற்பித்த ஆண்டுகளும் ஒருங்கே பயனற்றொழியும். ஆதலின், குற்றமொன்றும் செய்யாத ஆசிரியரை, தம் பாலாரிடத்தே காதல் கொள்ளும் இயல்பினர் என்னும் ஒரு காரணம் பற்றி வேலையினின்று நீக்கலாமோ என்னும் வினா, கல்விச்சாலையோடு தொடர்புடையார் யாவரும் ஆராயத்தக்கதாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 1978-ஆம் ஆண்டு இவ்வினா பொதுஜனங்களின் தீர்ப்புக்கு விடப்பட்டது. அப்பொழுது ஆசிரியர் பக்கம் நின்று வாதாடிய ஹார்வி மில்க் என்பாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மில்க் 1930-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி, நியூயார்க் மாகாணத்தைச் சார்ந்த லாங் தீவில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். ஆல்பனி நகரத்து ஆசிரியர் கல்லூரியில் கணிதம் பயின்று 1951-இல் பட்டம் பெற்றார். பின்னர்க் கடற்படையிற் சேர்ந்து அதிகாரியானார். இளமை தொட்டே தம் இயல்பை அறிந்திருந்தும், அக்காலத்து வழக்கிற்கு அஞ்சி அதனைப் பிறர் அறியாவாறு காத்து வந்தார். ஆயினும் கடற்படையார் அதுபற்றி விசாரணை நடத்தவே, 1955-இல் பதவியைத் துறக்க நேர்ந்தது. அதன் பின் லாங் தீவிலேயே ஓர் உயர்நிலைப்பள்ளியில் சிலகாலம் ஆசிரியராக இருந்தார். பிறகு இன்ஷூரன்ஸ் துறையிலும் பங்கு வணிக நிலையத்திலும் உழைத்தார்.

1972-இல் சான்பிரான்சிஸ்கோ நகரிற் குடியேறி, மறு ஆண்டில் காஸ்ட்ரோ வீதியில் புகைப்படக் கருவிக் கடை ஒன்று திறந்தார். பள்ளியிலுள்ள கருவி பழுதுபட்டமையால் ஆசிரியர் ஒருவர் படங்காட்டும் கருவியை இரவல் கேட்டு அக்கடைக்கு வந்தனர். கல்விக்கு அரசினர் காட்டிய இந்த அசட்டையும் மில்க்கைப் பொதுவாழ்விற் புகத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாம். நகர சபைத் தேர்தலில் 1973-லும் 1975-லும் தோற்றார். 1976-இல் மாகாணச் சட்டசபைத் தேர்தலிலும் தோற்றார். 1977-இல் நகர சபை உறுப்பினராக வெற்றி பெற்றார். இத்தேர்தல்களில் அவர் தம் இயல்பை ஒளிக்கவில்லை. 1978-இல், தன்பாலீர்ப்புடையாரை அக்காரணத்தால் வேலையினின்று நீக்குதல் கூடாதென்னும் சட்டத்தை நகர சபையில் நிறைவேறச் செய்தார்.

ஆயினும் காற்று எதிர்த்திசையிலேயே வீசிக்கொண்டிருந்தது. முந்திய ஆண்டில் புளோரிடா மாகாணத்து டேட் மாவட்டத்தில், அனிதா பிரையன்ட் என்னும் பாடகி நடத்திய கிளர்ச்சியால், இத்தகைய பாதுகாப்புச் சட்டமொன்று ஜனவாக்கினால் நீக்கப்பட்டது. அதனைக் கண்டு ஊக்கமுற்ற ஜான் பிரிக்ஸ் என்னும் கலிபோர்னியா மாகாணச் செனட்டர், ஆறாம் பிரேரணை என வழங்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். தன்பாலீர்ப்புடைய ஆசிரியரும் ஏனைய பள்ளி ஊழியரும் அரசாங்கப் பள்ளிகளினின்று நீக்கப்படுதல் வேண்டுமென்பது அதன் நோக்கம். அம்மட்டோ! அவர்களை ஆதரித்து வெளிப்படையாகப் பேசிய எவ்வாசிரியரும் நீக்கப்படலாம் என்றும் அதில் விதிக்கப்பட்டிருந்தது. ஆகவே, அவ்வியல்பு இல்லாதாரும் நண்பர்க்காக ஒரு சொல் கூறுதற்கு அஞ்சி வாய்மூடியிருக்க நேர்ந்திருக்கும்.

பிள்ளைகளைக் காக்கவே இம்மசோதா என்று பிரிக்ஸ் கூறிவந்தார். மில்க்கும், சான்பிரான்சிஸ்கோ அரசாங்கப் பல்கலைக்கழகப் பேராசிரியையும் தன்பாலீர்ப்புடையவருமான சாலி கியர்ஹார்ட் அம்மையாரும் தொலைக்காட்சியில் அவரோடு எதிர்நின்று வாதித்தனர். பிள்ளைகளுக்குத் தீங்கிழைப்போரைத் தண்டிக்கச் சட்டங்கள் முன்னரே உள்ளன என்றும், அக்குற்றம் எவ்வியல்பினர்க்கும் தனியுரிமை அன்றென்றும் விளக்கினர். மாணவர் ஆசிரியரைப் பார்த்து அவ்வாறே ஆகிவிடுவர் என்பது மெய்யாயின், கன்னியாஸ்திரீகளிடம் பயின்றோர் பலரும் கன்னியாஸ்திரீகளாகவன்றோ ஆகியிருத்தல் வேண்டும் என மில்க் நகைச்சுவையாக வினவினார்.

அவர் செய்த மற்றொரு காரியம் இதனினும் பெரிது. தன்பாலீர்ப்புடையார் ஒவ்வொருவரும் தம் பெற்றோர்க்கும் உற்றார்க்கும் உடனுழைப்பார்க்கும் தம்மை வெளிப்படுத்துக என வேண்டினார். அறியாத கூட்டத்தை அஞ்சுதல் எளிது. அறிந்த மகனையும் நண்பனையும் வெறுத்தல் அரிது என்பது அவர் கருத்து. வேலையும் உறவும் இழக்கக்கூடுமென்று அறிந்தும் பலர் அவ்வாறு செய்தனர். கட்சிப் பகையும் இவ்விஷயத்தில் மறைந்தது. மாகாணத்தின் முன்னாள் கவர்னரான ரொனால்டு ரீகன், குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன் சினத்தாற் சுமத்தும் பழியும் குற்றமற்ற ஆசிரியரின் வாழ்வைக் கெடுக்கும் எனக் காட்டி மசோதாவை எதிர்த்தார். ஜனாதிபதி கார்ட்டரும் எதிர்த்தார்.

செப்டம்பர் மாதத்திற்கூட வெற்றியடையும் என எண்ணப்பட்ட மசோதா, நவம்பர் 7-ஆம் தேதி நூற்றுக்கு 58-க்கு மேற்பட்ட வாக்குகள் எதிராக விழுந்து தோல்வியுற்றது. அவ்வெற்றிக்குப்பின் மில்க் உயிர் வாழ்ந்தது இருபதே நாட்கள். நவம்பர் 27-ஆம் தேதி, நகர சபைப் பதவியைத் துறந்து மீண்டும் அதனை வேண்டிய டான் ஒயிட் என்பவன், மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் மில்க்கையும் நகர மண்டபத்திலேயே சுட்டுக் கொன்றான். அப்பொழுது மில்க்குக்கு வயது 48. அமெரிக்க அரசாங்கம் 2009-இல் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கத்தை அவர் பெயரால் வழங்கிற்று.

அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இவ்வியல்பு பற்றி ஒருவரை வேலைநீக்கம் செய்தல் சட்டவிரோதம் என 2020-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் சமயச் சபைகள் நடத்தும் பள்ளிகள், சமயபோதனைக் கடமையுடைய ஆசிரியரைப் பொறுத்தவரை, அவ்விதியினின்று விலக்குப் பெற்றுள்ளன. ஆகவே, சட்டம் கட்டளையிடாத அவ்விடங்களில் நீதி வழங்குதல் நிர்வாகிகளின் மனச்சாட்சியையே சார்ந்ததாகும். மிஷன் கல்லூரியொன்றின் நிழலில் வாழும் நாம் இதனை அயலார் கதையென்று ஒதுக்குதல் தகாது. நமக்குக் கணிதமும் இலக்கணமும் பொறுமையோடு கற்பித்து நம்மை மனிதராக்கிய ஆசிரியரை நினைக்குங்கால், அவர்தம் பாடத்தின் தெளிவும் நடத்தையின் செம்மையும் அன்பின் ஆழமுமே நம் உள்ளத்தில் நிற்கின்றன. எவற்றால் அவர்களை நினைக்கின்றோமோ, அவற்றைக் கொண்டே அவர்களை மதிப்பிடுதல் நம் கடனாம்.