ஒரு குதிரை குறைவாக ஆடியவர்

கேம் ஆடினால் உருப்பட மாட்டாய் என்று வீட்டில் திட்டு வாங்காதவர் நம்மில் யார்? எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்கு அந்தத் திட்டு கொஞ்சம் கூடவே விழும். அதனாலேயோ என்னவோ, ஆட்டத்தையும் கலையையும் பிரிக்காமல் வாழ்ந்த மார்செல் துஷாம்பின் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போச்சு.

1887இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பிறந்தார். பாரிஸ் ஓவியக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தோற்றார். பிறகு அச்சகத் தொழில் கற்றார். 1913இல் அவரது ஓவியம் ஒன்று நியூயார்க்கில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. ஆனால் அவர் மனசு தூரிகையில் நிற்கவில்லை. அதே ஆண்டு ஒரு ஸ்டூல் மேல் சைக்கிள் சக்கரத்தை மாட்டி, கையால் சுற்றிவிட்டு ரசித்தார். 1920இல் ஐந்து கண்ணாடித் தகடுகளை மோட்டாரில் சுழலவிட்டார். ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால்தான் அவை வட்டங்களாகத் தெரியும். 1935இல் சுழலும் அட்டைப் படங்களைச் செய்து, பாரிஸ் கண்டுபிடிப்பாளர் சந்தையில் கடை போட்டார். பெரிதாக விற்கவில்லை!

இடையில் செஸ் பைத்தியம் பிடித்தது. சும்மா இல்லை, பிரான்சுக்காக செஸ் ஒலிம்பியாடில் ஆடுமளவு! கலைஞன் பாதிதான் செய்கிறான், பார்ப்பவனும் சேர்ந்தே அதை முடிக்கிறான் என்ற கருத்தை 1957இல் ஹூஸ்டனில் பேசினார்.

அந்தக் கருத்துக்குக் கையும் காலும் முளைத்தது எங்கே தெரியுமா? ஒரு பாலிடெக்னிக்கில்! 1968 மார்ச் 5 அன்று, டொரண்டோவின் ரையர்சன் பாலிடெக்னிக் அரங்க மேடையில், இசையமைப்பாளர் ஜான் கேஜுடன் செஸ் ஆடினார். லோவெல் கிராஸ் என்ற இளைஞர் செய்த பலகை அது. 64 கட்டத்திலும் நம்ம எல்.டி.ஆர். காய் நகர்ந்து வெளிச்சம் மாற மாற, அரங்கைச் சுற்றி ஒலியும் மாறியது. ஆடுபவரே இசைப்பவர்! துஷாம்ப் ஒரு குதிரையை விட்டுக்கொடுத்து ஆடியும் ஜெயித்தார். அடுத்த ஆட்டம் நள்ளிரவு வரை நீண்டது, கூட்டம் கலைந்துபோனது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். பாங் வீடியோ கேம் வந்தது 1972இல்தான்.

இன்று ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதும் திரை மாறுகிறதே, அங்கே ஆடுபவனும் படைப்பில் பங்காளிதான். இதை வீட்டில் சொன்னால் நம்புவார்களா, தெரியாது. செய்து காட்டினால் நம்புவார்கள். நம்ம லேபிலும் எல்.டி.ஆர். இருக்கு. 64 போதும், வாங்க!